அறுவடைக்கும் அடுப்புக்கும் இடையே

(ஹைதராபாத்தில் கல்லூரி மாணவர்களும் அரசு அலுவலர்களும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உணவு அறிவியலைப் பற்றிப் பேசுவதற்குப் பொருளாதாரம் படித்த ஒருவனை அழைத்திருக்கிறீர்கள். விலை, தேவை, அளிப்பு, மானியம் ஆகிய நான்கு சொற்களைக் கொண்டே முப்பது ஆண்டுகளாகக் கோப்புகளைப் பார்த்து வந்தவன் நான். நொதிகளைப் பற்றியும் பூஞ்சணங்களைப் பற்றியும் உங்களுக்கு எடுத்துரைக்க என்னைவிடத் தகுதி வாய்ந்தவர்கள் இந்த நகரிலேயே பலர் உள்ளனர். ஆயினும் நான் இசைந்ததற்குக் காரணம் உண்டு. பணியின் தொடக்கக் காலத்தில் ஒரு மூட்டை மாவைப் பற்றி நான் தவறாக ஓர் அறிக்கை எழுதினேன். அந்தத் தவறு பொருளாதாரம் அறியாததால் நேர்ந்ததன்று. உணவைப் பற்றி ஒன்றும் அறியாததால் நேர்ந்தது. அதனைப் பிற்பகுதியில் விளக்குகிறேன்.

நிலைத்த உணவு முறை என்று இப்பொழுது எங்கும் பேசப்படுகிறது. மண்ணையும் நீரையும் அடுத்த தலைமுறைக்கு அழியாமல் விட்டுவைக்கும் வேளாண்மை, உழவனுக்குக் கட்டுபடியாகும் விலை, ஏழையின் வீட்டிலும் உடலுக்குப் போதுமான உணவு ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த ஏற்பாட்டையே இச்சொல் குறிக்கிறது எனக் கொள்ளலாம். நமது திட்டங்களில் விதைக்கும் உரத்துக்கும் பாசனத்துக்கும் பெருந்தொகை ஒதுக்கப்படுகிறது. மறுகோடியில், நியாய விலைக் கடைக்கும் அங்கன்வாடிக்கும் பள்ளிச் சத்துணவுக்கும் பெருந்தொகை ஒதுக்கப்படுகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே தானியம் உலர்த்தப்படும் களம், அரைக்கப்படும் ஆலை, அடுக்கி வைக்கப்படும் கிடங்கு ஆகியவை இருக்கின்றன. அங்கே நடப்பதுதான் உணவு அறிவியலின் துறை. அந்த நடுப்பகுதியில் கோட்டை விட்டால், இரு கோடிகளிலும் செலவிட்ட பணம் பயன் தருவதில்லை என்பதே நான் கூற வந்த செய்தி.

குன்னூரில் ஓர் அறை

இக்கருத்தை விளக்க ஹைதராபாத்தைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. தார்நாகாவில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், ராஜேந்திர நகரில் இந்தியச் சிறுதானிய ஆராய்ச்சி நிறுவனம், படான்செருவில் 1972இல் தோன்றிய இக்ரிசாட் என்னும் பன்னாட்டு ஆய்வு மையம் ஆகிய மூன்றும் இங்கேயே உள்ளன. இவற்றுள் முதலாவது நிறுவனம் நமது நீலகிரியில் பிறந்தது என்பதைத் தமிழ் மாணவர்கள் அறிந்திருப்பது நல்லது. 1918ஆம் ஆண்டில் குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் ராபர்ட் மெக்கரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோயைப் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். அது வளர்ந்து ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடமாகி, 1958இல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டு, 1969இல் இன்றைய பெயரைப் பெற்றது.

அந்த ஆய்வில் வெளிப்பட்ட உண்மை இன்றைக்கும் நினைவுகூரத் தக்கது. அக்காலச் சென்னை மாகாணத்தில் பெரிபெரி நோய் எல்லா இடத்திலும் ஒன்றுபோலக் காணப்படவில்லை. வடக்கே, இன்று ஆந்திரக் கடற்கரையாக உள்ள சர்க்கார் மாவட்டங்களில் அது மிகுதி. தெற்கே தமிழ் மாவட்டங்களில் அரிது. இரு பகுதியினரும் அரிசி உண்பவர்களே. வடக்கே ஆலையில் தீட்டிய பச்சரிசி, தெற்கே புழுங்கலரிசி. நெல்லை ஊறவைத்து அவிக்கும்பொழுது உமிக்கு அடியிலும் தவிட்டிலும் உள்ள தயமின் என்னும் உயிர்ச்சத்தில் ஒரு பகுதி அரிசியின் உள்ளே இறங்கிப் படிந்துவிடுகிறது. பிறகு தீட்டினாலும் அது முழுதும் போய்விடுவதில்லை. நமது பாட்டிமார் நெல் அவித்தது உயிர்ச்சத்தைக் கருதியன்று. அரிசி முறியாமல் இருக்கவும் நெடுநாள் கெடாமல் இருக்கவும் அவித்தார்கள். ஆனால் அந்த ஒரு பக்குவம் ஒரு நோயையே தொலைவில் நிறுத்தியது. விதையும் மாறவில்லை, நிலமும் மாறவில்லை. இடையில் நடந்த ஒரு செயல் மட்டுமே வேறு.

புரதப் பஞ்சம் என்ற கதை

அறிவியல் எப்பொழுதும் நேர்வழியிலேயே சென்றது என்று எண்ணிவிடக் கூடாது. 1950களிலும் 1960களிலும் உலகெங்கும் புரதப் பற்றாக்குறையே பேச்சாக இருந்தது. 1968இல் ஐக்கிய நாடுகள் அமைப்பு வரவிருக்கும் புரத நெருக்கடியைத் தவிர்ப்பது பற்றி ஓர் அறிக்கையே வெளியிட்டது. நமது நாட்டில் 1950இல் மைசூரில் நிறுவப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம், எண்ணெய் எடுத்த பின் எஞ்சும் நிலக்கடலை மாவைக் கொண்டு புரதம் செறிந்த உணவுகளை உருவாக்கியது. பிண்ணாக்காக மாட்டுக்குப் போய்க்கொண்டிருந்த பொருளை மனிதர் உண்ணும் தரத்துக்கு உயர்த்தியது சாமானிய வேலை அன்று. அந்நிறுவனத்தின் பல்நோக்கு உணவு, முக்கால் பங்கு நிலக்கடலை மாவும் கால் பங்கு கடலை மாவும் கலந்தது.

ஹைதராபாத்தில் டாக்டர் சி. கோபாலன் தலைமையில் இயங்கிய குழு வேறொரு கேள்வியை எழுப்பியது. இவர் சேலத்தில் 1918இல் பிறந்தவர்; பின்னர் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநராகவும் பணியாற்றி, 2019இல் தமது நூறாவது வயதில் மறைந்தார். ஏழைக் குழந்தை உண்ணும் தானியமும் பருப்பும் அளவில் போதுமானதாக இருந்தால், அதிலேயே தேவையான புரதம் பெரும்பாலும் கிடைத்துவிடாதா என்பதே அவர்களது கேள்வி. ஹைதராபாத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் சிறு குழந்தைகளுக்கு நாள்தோறும் சுமார் 310 கலோரியும் 3 கிராம் புரதமும் மட்டுமே தரும் எளிய இனிப்புப் பண்டத்தைக் கொடுத்து வந்தனர். அதனைப் பெற்ற குழந்தைகள் பெறாதவர்களைவிட நன்கு வளர்ந்தனர். 1973இல் வெளியான இந்த ஆய்வு, குறைந்தது புரதத்தைக் காட்டிலும் உணவே என்பதைப் புலப்படுத்தியது. அடுத்த ஆண்டில் டொனால்டு மெக்லாரன் என்ற அறிஞர் லான்செட் இதழில் புரதத் திட்டங்களை ஒரு பெருந்தோல்வி என்றே வருணித்தார்.

இதே நிறுவனம் வகுத்த ‘ஹைதராபாத் கலவை’ என்னும் சத்துமாவை உங்களுள் சிலர் பாடநூலில் படித்திருக்கலாம். வறுத்த கோதுமை 40 கிராம், வறுத்த கடலைப்பருப்பு 16 கிராம், வறுத்த நிலக்கடலை 10 கிராம், வெல்லம் 20 கிராம். மொத்தம் 330 கலோரி, 11 கிராமுக்குச் சற்று மேற்பட்ட புரதம். எல்லாம் எந்தச் சந்தையிலும் கிடைப்பவை. இதில் கவனிக்க வேண்டியது ‘வறுத்த’ என்னும் சொல். வறுப்பதனால் ஈரம் குறைகிறது, நொதிகள் அடங்குகின்றன, சமைக்கும் விறகும் மிச்சமாகிறது. பொருளாதார மாணவனான எனக்கு அந்தச் சொல் நெடுங்காலம் கண்ணில் படவே இல்லை. விலைப் பட்டியலை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஈரமும் பூஞ்சணமும்

நிலக்கடலை மாவுத் திட்டங்களைத் தடுமாறச் செய்த மற்றொன்று அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தபொழுது அது கண்டறியப்பட்டது. தீவனத்தில் கலந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சணமே காரணம். வெளிநாட்டுக் கோழிப் பண்ணையின் செய்தி என்று நாம் அதை ஒதுக்கிவிட முடியாத வண்ணம் 1974இல் நமது நாட்டிலேயே ஒரு துயரம் நிகழ்ந்தது. ராஜஸ்தானின் பான்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டங்களில் பழங்குடி மக்கள் அறுவடை செய்த மக்காச்சோளம் பருவம் தப்பிய மழையில் நனைந்தது. அதை அவர்கள் உண்டார்கள். உண்ண வேறு தானியம் இல்லை. மஞ்சள் காமாலையும் வயிற்றில் நீர்க்கோவையும் கிராமம் கிராமமாகக் காணப்பட்டன. அவர்களோடு உணவைப் பகிர்ந்துண்ட நாய்களும் செத்தன. ஹைதராபாத்திலிருந்து சென்ற விஞ்ஞானிகள் ஆராய்ந்து எழுதிய கட்டுரையின்படி 397 பேர் பாதிக்கப்பட்டனர். அவர்களுள் 106 பேர் இறந்தனர்.

அந்த மக்காச்சோளம் உற்பத்திப் புள்ளிவிவரத்தில் விளைச்சலாகவே கணக்கிடப்பட்டிருக்கும். ஓர் எக்டேருக்கு இத்தனை குவிண்டால் என்று யாரோ எழுதியிருப்பார்கள். அதிலே ஈரம் எவ்வளவு என்பதற்கு நமது படிவங்களில் இடமில்லை.

1995இலும் தக்காணத்துக் கிராமங்கள் சிலவற்றில் மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த சோளத்திலும் மக்காச்சோளத்திலும் சுட்ட ரொட்டியை உண்டவர்களுக்கு வயிற்றுவலியும் பேதியும் கண்டன. அது ஃபியுமோனிசின் என்னும் வேறொரு நஞ்சு. 2024 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கர் காட்டில் பூஞ்சணம் பற்றிய வரகுப் பயிரை மேய்ந்து பத்து யானைகள் மாண்டதை நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். வரகு சில நேரம் மயக்கம் தரும் என்பது நமது உழவர்கள் நெடுங்காலமாக அறிந்த செய்தி. யானைகள் இறந்த பிறகுதான் அது தலைநகரங்களை எட்டியது.

தமிழ்நாட்டிலும் இக்கேள்வி ஆண்டுதோறும் எழுகிறது. காவிரிப் படுகையில் குறுவை அறுவடை வடகிழக்குப் பருவமழையோடு மோதுகிறது. கொள்முதல் விதிப்படி நெல்லில் ஈரம் 17 சதவீதத்துக்கு மேற்படலாகாது. சாலையோரத்தில் கொட்டிக் கிடக்கும் நெல் அதைத் தாண்டிவிடுகிறது. ஈரப்பத வரம்பைத் தளர்த்துமாறு மாநில அரசு கடிதம் எழுதுவதும், ஆய்வுக் குழு வருவதும் பல ஆண்டுகளில் நடந்துள்ளன. வரம்பைத் தளர்த்தினால் அன்றைய நெருக்கடி தீரும். நெல்லின் ஈரம் தீராது. இந்த ஈரநெல்லின் தொல்லையை ஆராயவே திருவாரூரில் தொடங்கித் தஞ்சாவூரில் நிலைபெற்ற நெல் பதன ஆராய்ச்சி மையம் இன்று தேசிய அளவிலான கல்வி நிறுவனமாக வளர்ந்திருக்கிறது. கிராமந்தோறும் ஓர் உலர்த்தி நிறுவ ஆகும் செலவையும், ஆண்டுதோறும் கெடும் நெல்லின் மதிப்பையும் ஒப்பிட்டுப் பார்ப்பது இங்கே அமர்ந்திருக்கும் பொருளாதார மாணவர் ஒருவர் எடுத்துச் செய்யத் தக்க ஆய்வு. லூதியானாவில் உள்ள அறுவடைக்குப் பிந்தைய தொழில்நுட்ப நிறுவனம் 2015இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, தானியங்களில் ஏறத்தாழ 4.65 முதல் 5.99 சதவீதமும், பருப்பு வகைகளில் 6.36 முதல் 8.41 சதவீதமும் அறுவடைக்குப் பின் இழக்கப்படுகின்றன. விழுக்காடு சிறிதாகத் தோன்றலாம். நமது உற்பத்தியின் அளவோடு பெருக்கிப் பாருங்கள்.

சோளம் ஏன் பின்வாங்கியது?

இனி இந்த மண்ணின் தானியத்துக்கு வருவோம். தெலங்கானா கிராமங்களின் பழைய உணவு ஜொன்ன ரொட்டி. நமது மொழியில் சோள ரொட்டி. நெல்லுக்கு ஒரு போகத்தில் சுமார் 1,200 மில்லிமீட்டர் நீர் தேவைப்படும்; சோளத்துக்கு அதில் பாதி போதும். அப்படியிருந்தும் 1960களில் இந்தியாவில் சுமார் 1 கோடியே 80 லட்சம் எக்டேரில் விளைந்த சோளம், இன்று ஏறத்தாழ 40 லட்சம் எக்டேருக்குச் சுருங்கிவிட்டது. ஆழ்துளைக் கிணறுகள் பெருகி நெல் மேட்டு நிலங்களிலும் ஏறிவிட்டது.

இதற்குக் காரணமாக எல்லோரும் மலிவு அரிசியைக் கூறுவர். ஒன்றுபட்ட ஆந்திரத்தில் 1983இல் கிலோ இரண்டு ரூபாய்க்கு அரிசி வழங்கும் திட்டம் வந்தது. பசியைப் போக்கிய திட்டம் அது. அதனைக் குறை கூறுபவன் நான் அல்லன். அரிசி கடையிலே எளிதாகக் கிடைத்தபொழுது சோளம் விதைப்பதற்கு இருந்த ஒரு காரணம் குறைந்தது என்பது உண்மையே. ஆனால் விலை ஒன்றே காரணம் என்று முடித்துவிடுவது முழு உண்மை ஆகாது. 1964இல் சி.எஸ்.எச்.-1 என்ற ஒட்டுவீரியச் சோளம் வெளியிடப்பட்டது. அதனைப் பின்பற்றி வந்த குறுகிய காலக் கரீஃப் ரகங்கள் விளைச்சலில் பழைய ரகங்களை விஞ்சின. ஆனால் மழை ஓயுமுன்பே அவை முற்றின. நனைந்த கதிரில் பூஞ்சணம் படர்ந்து மணி கறுத்தது. கறுத்த மணியில் நல்ல ரொட்டி வராது. அது தீவனத்துக்கும் சாராய ஆலைக்கும் போயிற்று, விலை வீழ்ந்தது. வீட்டு உணவுக்கென்று மக்கள் தேடியது பின்பனியில் விளையும் ரபி சோளத்தைத்தான். விளைச்சலை மட்டும் அளந்தவர்கள் ரொட்டியை அளக்கவில்லை.

சிறுதானியத்தை இன்று வானளாவப் புகழ்வோருக்கும் ஒன்று கூற வேண்டும். 1950களின் இறுதியில் ஹைதராபாத் மருத்துவமனைகளில் சோளம் உண்ணும் ஏழைத் தொழிலாளரிடையே பெல்லாக்ரா என்ற தோல் நோய் காணப்பட்டது. மக்காச்சோளம் உண்பவர்க்கே அது வரும் என்று பாடநூல்கள் கூறி வந்த காலம் அது. சோளப் புரதத்தில் லியூசின் என்னும் அமினோ அமிலம் மிகுந்திருப்பது இதற்குக் காரணமாகலாம் என்று கோபாலனும் ஸ்ரீகாந்தியாவும் 1960இல் எழுதினர். இவ்விளக்கம் பின்னர் பெரிதும் விவாதிக்கப்பட்டது. எனினும், ஒரே தானியத்தை மட்டும் உண்டு, பருப்பும் கீரையும் பாலும் இன்றி வாழ்ந்தவர்களுக்கே அந்நோய் வந்தது என்பதில் ஐயமில்லை. அரிசியை மட்டும் உண்பதற்கு மாற்றாகச் சோளத்தை மட்டும் உண்பதை எவரும் பரிந்துரைக்கலாகாது. நமது உணவுப் பொருள்களின் சத்து அளவு பற்றி இந்நிறுவனம் 2017இல் வெளியிட்ட அட்டவணையில் 528 பொருள்கள் உள்ளன. இத்தனை பொருள்கள் விளையும் நாட்டில் இரண்டு தானியங்களை வைத்துக்கொண்டு வாதிடுவது விந்தை.

நான் எழுதிய அறிக்கை

இப்பொழுது அந்த மூட்டைக்கு வருகிறேன். 1990களின் பிற்பகுதி. நான் மதிப்பீட்டுப் பணியில் இருந்த இளம் அலுவலன். தக்காணத்தின் வறண்ட மாவட்டம் ஒன்றில் அங்கன்வாடிக் குழந்தைகளுக்குக் கம்பு மாவில் செய்த உணவு வழங்கும் சிறு முயற்சி ஒன்று நடந்தது. உள்ளூர் உழவரிடம் கம்பு வாங்குவது, நகரத்து ஆலையில் அரைப்பது, மூட்டையாகக் கட்டி மையங்களுக்கு அனுப்புவது என்பது ஏற்பாடு. உழவர்க்கு விலை கிடைக்கும், குழந்தைக்கு இரும்புச் சத்து கிடைக்கும் என்று காகிதத்தில் எல்லாம் சரியாகவே இருந்தது.

நான் சென்ற மையங்களில் குழந்தைகள் அந்தக் கஞ்சியைத் தொடவில்லை. ஒரு பணியாளர் அம்மையார் அதை எருமைக்கு ஊற்றுவதாகத் தயக்கத்தோடு கூறினார். நான் குறித்துக்கொண்டேன். கணக்கிட்டேன். மையத்துக்கு வழங்கியது எவ்வளவு, உண்ணப்பட்டது எவ்வளவு என்று விகிதம் கண்டேன். ‘மக்களிடையே கம்புக்கு விருப்பம் குறைந்துவிட்டது, அரிசி, கோதுமையின் மீது நாட்டம் மிகுந்துள்ளது’ என்று முடிவுரை எழுதிக் கையொப்பமிட்டேன். அடுத்த ஆண்டு அந்த முயற்சி கைவிடப்பட்டது. அதன் கோப்பில் காரணமாக எடுத்தாளப்பட்டது என்னுடைய வாக்கியம்.

சில ஆண்டுகள் கழித்து இதே நகரில் உணவு வேதியியலாளர் ஒருவரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: “மாவு அரைத்து எத்தனை நாள் ஆகியிருந்தது?” எனக்குத் தெரியவில்லை. “கோடை காலமா?” ஆம், கோடை. அவர் மேற்கொண்டு விளக்கியதை என்னால் இயன்றவரை கூறுகிறேன்.

கம்பு மணியில் ஏறத்தாழ ஐந்து சதவீதம் எண்ணெய் இருக்கிறது. அரிசியிலும் கோதுமையிலும் இவ்வளவு இல்லை. முழு மணியாக இருக்கும்வரை எண்ணெய் ஓரிடத்திலும், அதனைச் சிதைக்கும் லைப்பேஸ் என்னும் நொதி மற்றோரிடத்திலும் அடைபட்டிருக்கும். அதனால் உலர்ந்த கம்பு மாதக்கணக்கில் கெடாது. அரைத்த நொடியில் இரண்டும் கலந்துவிடுகின்றன. நொதி எண்ணெயைக் கொழுப்பு அமிலங்களாக உடைக்கிறது. காற்று பட்டு அது மேலும் கெடுகிறது. வெப்பத்தில் ஒருசில நாளிலேயே மாவு சிக்கு வாடை அடித்துக் கசக்கத் தொடங்கும். நமது வீடுகளில் கம்பை அன்றன்றைக்கு இடித்துப் பயன்படுத்தியதன் பொருள் அப்பொழுதுதான் எனக்கு விளங்கியது. குழந்தைகள் ஒதுக்கியது கம்பை அன்று, கெட்டுப்போன மாவை. விருப்பத்தை அளந்ததாக நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அளந்தது அரவைக்கும் அடுப்புக்கும் இடைப்பட்ட நாள்களின் எண்ணிக்கையை.

இதற்குத் தீர்வு எட்டாத உயரத்தில் இல்லை. அரைக்குமுன் மணியைக் கொதிநீரில் சில விநாடிகள் இட்டு எடுத்து உலர்த்தினால் நொதியின் செயல் பெரிதும் அடங்கும். உலர்வெப்பத்தில் வறுத்தாலும் அவ்வாறே. மாவு ஒரு மாதமோ அதற்கு மேலுமோ தாங்கும். பயிர்ப் பெருக்க அறிஞர்கள் மெதுவாகக் கெடும் கம்பு ரகங்களையும் தேடி வருகின்றனர். இவை எதுவும் வேண்டாமென்றால் மாவை அனுப்பாமல் மணியை அனுப்பலாம். ஊரிலேயே ஒரு சிறு அரவை இயந்திரம் போதும். மிக மலிவான வழி இதுவே. ஆனால் ஒரே ஒப்பந்தத்தில் பல மாவட்டங்களுக்கும் வாங்கிவிட வேண்டும் என்று விரும்பும் கொள்முதல் பிரிவுக்கு இந்த வழி பிடிப்பதில்லை. இதை ஓர் அலுவலனாகவே கூறுகிறேன்.

விதிகளில் செய்ய வேண்டியது

சிறுதானியங்களுக்கு நல்ல காலம் பிறந்திருக்கிறது. 2018 ஏப்ரலில் அரசிதழில் அவை ஊட்டச்சத்துத் தானியங்கள் என்று அறிவிக்கப்பட்டன. 2023ஆம் ஆண்டைப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை கொண்டாடியது. அவ்வாண்டு வரவுசெலவுத் திட்டத்தில் ராஜேந்திர நகர் நிறுவனம் உலகளாவிய சிறப்பு மையமாக வளர்க்கப்படும் என்று கூறப்பட்டது. இக்ரிசாட்டும் மகாராஷ்டிர வேளாண் பல்கலைக்கழகம் ஒன்றும் இணைந்து உருவாக்கிய ‘தனசக்தி’ என்ற கம்பு ரகத்தில் இரும்புச் சத்து கூடுதல். இனி வெளியிடப்படும் கம்பு ரகங்களில் ஒரு கிலோவுக்குக் குறைந்தது 42 மில்லிகிராம் இரும்பும் 32 மில்லிகிராம் துத்தநாகமும் இருக்க வேண்டுமென 2018இல் வரையறுக்கப்பட்டது. உலகில் வேறெங்கும் எளிதில் காண முடியாத முன்னேற்றம் இது. ஆனால் அந்த இரும்பு குழந்தையின் வயிற்றுக்குள் போக வேண்டுமானால் மாவு கசக்காமல் இருக்க வேண்டும். சாமையும் தினையும் வெண்மையாகத் தெரிய வேண்டுமென்று ஆலையில் மீண்டும் மீண்டும் தீட்டப்படுவதையும் இங்கே குறிப்பிட வேண்டும். தவிட்டோடு சத்தும் போய்விட்ட பின், பையின் மீது அச்சிட்ட புகழுரை மட்டும் எஞ்சுகிறது.

2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் அரிசி, கோதுமையோடு பருமணித் தானியங்களையும் வழங்க இடமளித்தது. ஆனால் கொள்முதல் முடிந்த மூன்று மாதங்களுக்குள் வழங்கி முடிக்க வேண்டும் என்ற விதி இருந்ததால் மாநிலங்கள் தயங்கின. மூன்று மாதத்தில் தீர்ந்துவிடும் தானியத்துக்காக யார் கடைகளில் ஏற்பாடு செய்வார்கள்? சோளத்துக்கும் கேழ்வரகுக்கும் இக்காலவரம்பு 2021 டிசம்பரில் நீட்டிக்கப்பட்டது. எந்தத் தானியம் எவ்வளவு காலம் தாங்கும் என்ற அறிவு ஒரு விதியின் எண்ணை மாற்றியதற்கு இது எடுத்துக்காட்டு. கேழ்வரகு கிடங்கில் நெடுங்காலம் கெடாமல் இருப்பதை நமது தருமபுரி, கிருஷ்ணகிரி உழவர்கள் எவரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாம். கேட்கவில்லை.

இங்கிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் தொலைவில் ஜாகீராபாத் அருகே பஸ்தாபூர் இருக்கிறது. அங்கே 1983இல் தோன்றிய தக்காண மேம்பாட்டுச் சங்கத்தில் ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஏழைப் பெண்கள் குழுக்களாக இணைந்தனர். 1990களின் நடுவில் அவர்கள் தரிசாகக் கிடந்த நிலங்களில் சோளம் விளைவிக்கக் கடன் கொடுத்து, கடனைத் தானியமாகவே திரும்பப் பெற்று, ஊரிலேயே சேமித்து, பஞ்ச காலத்தில் ஏழை வீடுகளுக்குக் குறைந்த விலையில் வழங்கினார்கள். இம்முறை எங்கும் பொருந்துமா என்பது வேறு கேள்வி. நாடு தழுவிய விநியோகத்தை ஊர்க் குதிர்களைக் கொண்டு மட்டும் நடத்திவிட முடியாது. ஆனால் விளைவித்த ஊரிலேயே சேமித்து அந்த ஊரிலேயே அரைத்து உண்டதனால், என்னுடைய மாவட்டத்தில் எழுந்த சிக்கல் அங்கே எழவே இல்லை.

மாணவ நண்பர்கள் தொழில்நுட்பத்தைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். நிலக்கடலையில் அஃப்ளடாக்சினைக் குறைந்த செலவில் கண்டறியும் சோதனை முறையைப் படான்செருவில் உருவாக்கினார்கள். ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டு உழவர் சங்கம் இழந்த ஏற்றுமதிச் சந்தையை மீட்க அது துணை செய்தது. அத்தகைய சோதனை நமது ஒவ்வொரு ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திலும் இருக்க வேண்டும். ஈரமானி, தார்ப்பாய், உலர்த்தி, சிறிய வறுப்பு இயந்திரம் ஆகியவை அணையைப் போலத் திறப்பு விழாவுக்கு உகந்தவை அல்ல. ஆகவே வரவுசெலவுத் திட்டத்தில் அவை கடைசிப் பக்கத்திலேயே இடம்பெறுகின்றன.

இப்பொழுது மதிப்பீட்டுக்காக எந்தத் திட்டம் என்னிடம் வந்தாலும் வினாப் படிவத்தில் இரண்டு கட்டங்களைச் சேர்க்கச் சொல்கிறேன். ஒன்று மாவு அரைக்கப்பட்ட நாள். மற்றொன்று அது சமைக்கப்பட்ட நாள். அண்மையில் களத்திலிருந்து நிரப்பப்பட்டு வந்த படிவங்களைப் பார்த்தேன். பாதிக்கு மேற்பட்டவற்றில் இரண்டாவது கட்டத்தில் தேதி இருந்தது. முதல் கட்டம் வெறுமையாக இருந்தது. மூட்டையின் மேல் தேதி அச்சிடப்படவில்லை என்று ஓர் இளம் கணக்கெடுப்பாளர் ஓரத்தில் பென்சிலால் குறித்திருந்தார். அந்தக் குறிப்பை அடிக்கோடிட்டு மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறேன்.